அடுக்களையும் ஆடவரும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் மனை பெரும்பாலும் பெண்ணுக்கே உரியது. முக்குவர் வழமைச் சட்டம் 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. எனினும், மகளுக்கு வீடு எழுதி மருமகனை அங்கே குடியேற்றும் மரபு இன்றும் நிற்கின்றது. தாய்வழிக் குடியென்று பெருமை பேசுகின்றோம், பேசலாம். ஆயின் அம்மனையிலே ஆடவன் விருந்தினனாகவே முதுமை எய்துகின்றான்.

வைகறையில் தேங்காய் துருவி, பிள்ளைகட்குச் சோறு கட்டி, கல்லடிப் பாலம் கடந்து கடமைக்கு விரையும் ஆசிரியைமாரும் தாதிமாரும் பிற்பகல் மீண்டதும் மறுபடி அடுப்பின் முன் நிற்கின்றனர். கணவரோ சாய்மனைக் கதிரையில் தேநீரை எதிர்நோக்கியிருப்பார். அம்மங்கையரின் மனக்குறை வேலையின் பளுவால் மட்டும் வந்ததன்று என்பது எமது துணிபு. கணவன் ஒருநாள் கோப்பை கழுவினால் அதற்கு 'உதவி' என்று பெயர். அவள் நாள்தோறும் கழுவுவதற்குப் பெயரே இல்லை. அவள் சம்பளம் குடும்பத்துக்குப் பொது. சட்டி பானை மாத்திரம் அவளுக்கே சொந்தம்! 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்ட நாடு இது.

பழைய மாணவர்காள், விடுதியில் நாம் உண்ட தட்டை நாமே கழுவினோம் அல்லமோ? மணவறையில் அமர்ந்த அன்றே அந்தக் கைப்பழக்கம் எங்ஙனம் மறந்தது?