இழுத்தால் கனமில்லையா?

"மாமா, மெஷின் செத்துப்போச்சு. புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க" என்று சென்ற மாதம் தங்கை மகன் என் வாசலில் வந்து நின்றான். செம்பனைக் காட்டில் குத்தகைக்குப் புல் வெட்டிப் பிழைப்பவன். மெஷினுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி இருந்தது.

கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கனமே இல்லை, கை காற்றில் போவதுபோல் போயிற்று. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றும் பெட்ரோலும் நன்றாக அமுங்கினால்தான் தீப்பொறி பற்றும். இதைத்தான் 'கம்ப்ரஷன்' என்கிறோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு தேய்ந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ அமுக்கம் கசிந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால் உடனே தலைமுழுகிவிடாதீர்கள். முதலில் பிளக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி பிளக்கை மாட்டுங்கள். அதன் வயரை மாட்டாமல் கயிற்றை மெதுவாக இழுங்கள். கனம் திரும்பி வந்தால் கோளாறு பெரும்பாலும் ரிங்கில்தான்.

அடுத்து எக்சோஸைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் நல்லது. அந்தப் பக்கம் நெடுக்குக் கீறல் இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் போதாமல் ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறல் இருந்தால் காற்று வடிகட்டி வழியாகத் தூசி புகுந்திருக்கலாம். கீறல் ஆழமானால் ரிங்கு மாற்றி மட்டும் பயனில்லை; பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற வேண்டும்.

எங்கள் மெஷினில் கீறல் இல்லை. ரிங்குதான் கரியில் ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றினோம். பழைய ரிங்கை உடைத்து, அந்தத் துண்டாலேயே காடியில் இருந்த கரியைச் சுரண்டினோம். புது ரிங்கு மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காடியில் ஒரு சிறு ஊசி இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அந்த ஊசிக்கு இருபுறமும் அமரவேண்டும். தவறினால் சிலிண்டர் துவாரத்தில் மாட்டி ரிங்கு உடைந்துவிடும். குரோம் பூசிய சிலிண்டரின் உள்ளே மணல் காகிதம் போடவே கூடாது.

ரிங்குக்கும் கேஸ்கெட்டுக்கும் ஆன செலவு ஒரு நாள் கூலிக்குள் அடங்கியது. மறுநாள் காலையில் மூன்றாம் இழுப்பில் மெஷின் ஓடியது.

"எந்த எண்ணெய் கலக்கிறாய்?" என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றி மிஞ்சியதாம்! அளவும் கண்மதிப்புத்தான். கரி படிந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

டூ-ஸ்ட்ரோக் எண்ணெயையே வாங்குங்கள். மெஷின் புத்தகத்தில் 25-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றிருந்தால் 20 மில்லி. வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

தங்கச்சி இப்போது அளவுக் குப்பி ஒன்றை வாங்கி, "மெஷினுக்கு மட்டும்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உலை கொதிக்க வைப்பது அந்த மெஷின்தானே!