மகிமையே அளவுகோல்

சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது பாலசமுத்திரம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கங்களுக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. 1853இல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், சித்தூரிலும் பலமநேரிலும் நிலையங்கள் அமைத்தது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1860களில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்குத் திருப்பதியே தலைமையிடம்.

இத்தனை தலைமுறை அக்கம்பக்கமாக வாழ்ந்த பிறகும் ஒரு கேள்வி தீராமல் இருக்கிறது. நற்செய்திக் கூட்டத்து ஒலிபெருக்கியில் ‘எல்லோரும் பாவிகள்’ என்று கேட்கும்போது, உழைத்துச் சாப்பிடுகிற ஒருவர் நினைக்கிறார்: ‘நான் யார் குடியையும் கெடுக்கவில்லை. என்னை எப்படிப் பாவி என்கிறார்கள்?’ நியாயமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

நம் ஊர்ப் பேச்சில் பாவமும் புண்ணியமும் கணக்கு வழக்கு. தப்பு செய்தால் பாவம் சேரும்; நல்லது செய்தால் புண்ணியம் சேரும்; கடைசியில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். கிறிஸ்தவம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. தனித்தனிக் குற்றங்களுக்கு முன்பாக, மனிதன் இருக்கும் நிலையைத்தான் அது முதலில் பார்க்கிறது. கடவுளை விட்டு விலகித் தன்னையே மையமாக வைத்துக்கொண்ட நிலை அது. பொய், பேராசை, பகை எல்லாம் அதிலிருந்து முளைப்பவை. கொலைகாரனும் உத்தமனும் ஒரே அளவு குற்றம் செய்தவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. இருவருக்கும் ஒரே வைத்தியர் வேண்டும் என்பதே பொருள்.

கி.பி. 57 வாக்கில் திருத்தூதர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரம் இதற்கு அடிப்படை. வேதத்தைப் பெற்ற யூதர், பெறாத பிறர் என்ற பிரிவை எடுத்துக்கொண்டு, இந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை என்று அவர் முடிக்கிறார். அவர் கையில் எடுக்கும் அளவுகோல் அடுத்த வீட்டுக்காரரின் ஒழுக்கம் அல்ல, கடவுளின் மகிமை. அடுத்தவரோடு ஒப்பிட்டால் யாராவது ஒருவர் நம்மைவிடக் கீழே கிடைத்துவிடுவார். அந்த மகிமையின் முன் நின்றால் அந்த ஆறுதல் போய்விடும்.

இதே அளவுகோல்தான் மனிதனை உயர்த்தியும் காட்டுகிறது; பலர் தவறவிடும் இடம் இதுதான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்கிறது. பாவம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. தூர்ந்துபோன ஏரியின் கரையில் நின்று பாருங்கள். வண்டல் மேடிட்டு, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தாலும், கரையின் நீளமும் மதகின் உயரமும் அது எவ்வளவு தண்ணீர் கொள்ள வெட்டப்பட்டது என்று சொல்லிவிடும். குட்டையைப் பார்த்து யாரும் தூர்ந்த ஏரி என்று வருந்துவதில்லை. மனிதனைப் பாவி என்று சொல்லும்போது கிறிஸ்தவம் இழந்த கொள்ளளவைத்தான் சொல்கிறது.

அப்படியானால், மனிதன் தாழ்ந்தால்தான் கடவுள் உயர்ந்து தெரிவாரா? இல்லை. யோவான் எழுதிய நற்செய்தியில் இயேசு, தாம் மகிமைப்படும் நேரம் என்று சுட்டுவது சிலுவைச் சாவை. கடவுளின் பெருமை எதிரியை நசுக்குவதில் வெளிப்படவில்லை. தம்மை விட்டு விலகியவருக்காகத் தம்மைக் கொடுத்ததில் வெளிப்பட்டது. 1518இல் ஹைடல்பர்க் விவாதத்தில் மார்ட்டின் லூத்தர் வற்புறுத்தியதும் இதையே: கடவுளை அறிய வேண்டிய இடம் சிலுவை.

பாவ நிலை எப்படித் தொடர்கிறது என்பதில் சபைகளுக்குள் ஒரே குரல் இல்லை. பண்டைய இறையியலாளர் அகஸ்தீனைப் பின்பற்றும் மேற்குச் சபைகள் ஆதாமின் குற்றமே பரம்பரையாக வருகிறது என்று அழுத்திச் சொல்லும். கிழக்கத்திய மரபுச் சபைகள் சாவையும் பலவீனத்தையும் நாம் வழிவழியாகப் பெற்றோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அருளால்தான் மீட்பு என்பதில் இருவருக்கும் மாறுபாடில்லை.

அருளை மட்டுமே நம்பும் இந்த உணர்வு தமிழ் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. வைணவராகப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் தன் தகுதியின்மையையும் இறைவன் இரக்கத்தையும் காப்பிய நடையில் பாடினார். ஏழுமலையானிடம் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று சரணடையும் பக்தருக்கு அந்த நெகிழ்ச்சி புரியும். மீட்பின் ஆதாரத்தைச் சிலுவையில் நடந்த ஒரு நிகழ்வில் வைப்பதில் கிறிஸ்தவம் வேறுபடுகிறது.

எல்லோரும் ஒரே வரிசை என்றால், அந்த வரிசையில் சாதிக்கு இடமில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் அதை ஏற்கவில்லை. கத்தோலிக்கரும் இதற்கு விலக்கல்ல: வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தன் பாவத்தை வாயால் அறிக்கையிட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரைத் தாழ்ந்தவராக நினைப்பவர் இந்தப் போதனையைக் கேட்கவே இல்லை.

இன்னொரு தவறும் திருத்தப்பட வேண்டும். நோயாளியையும் கடனாளியையும் பார்த்து ‘உன் பாவத்தின் பலன்’ என்று சொல்லும் போதகர்கள் உண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்த எவரும் துன்பப்படுகிறவர் மேல் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது.

ஆகவே மேடையில் நிற்கிறவருக்கு ஒரு வேண்டுகோள். ‘நீங்கள் பாவிகள்’ என்று ஊரைப் பார்த்துச் சொல்வதை விட்டு, ‘நாம்’ என்று தொடங்குங்கள். மனிதன் எந்த மகிமைக்காகப் படைக்கப்பட்டான் என்பதை முதலில் சொல்லுங்கள். கேட்கிறவர் நம்பலாம், நம்பாமல் போகலாம். தன்னை இழிவுபடுத்த யாரும் வரவில்லை என்பதாவது அவருக்குத் தெளிவாக வேண்டும்.