மைதானம் பார்த்து, ஊர் ருசித்து

குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம் என்றால் கோயில், மலை, அருவி என்றுதான் நம் வீடுகளில் திட்டம் போடுவார்கள். இந்த முழுப்பரீட்சை லீவில் எங்கள் வீட்டில் திட்டம் வேறாக அமைந்தது. பள்ளியில் ஹாக்கி ஆடும் என் மகள் கோவில்பட்டியைப் பார்க்கவேண்டும் என்றாள். கிரிக்கெட் என்றால் உயிரை விடும் என் மாமனார் சேப்பாக்கத்தில் தொடங்கலாம் என்றார். வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சாப்பாடு முக்கியம். எல்லாருடைய ஆசையையும் சேர்த்துக் கட்டியதில் சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை ஒரு வழி உருவானது. போகிற ஊரில் மைதானம் எங்கே என்று கேட்பது, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடை எது என்று கேட்பது. இவ்வளவுதான் எங்கள் திட்டம்.

ஓர் ஊர் எதைப் பார்க்கக் கூடுகிறது, எதைச் சாப்பிடக் கூடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் அந்த ஊரைப் பாதி அறிந்த மாதிரி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் போன காலையில் சேப்பாக்கத்தில் ஆட்டம் இல்லை. வெளியே நடந்தபடியே மாமனார் பேரப்பிள்ளைகளுக்கு வரலாறு சொன்னார். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான். அதில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். 1986இல் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் நம் ஊர் வெயிலில் வாந்தி எடுத்தபடியே 210 ரன் அடித்து, பிறகு மருத்துவமனைக்குப் போனார். இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாகி அந்த ஆட்டம் 'டை'யில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த இரண்டாவது ஆட்டம் அது.

அவர் அதிக நேரம் சொன்னது 1999 ஜனவரி ஆட்டத்தைப் பற்றி. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு 271 ரன் தேவை. முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 ரன் எடுத்து, வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது ஆட்டமிழந்தார். 12 ரன்னில் இந்தியா தோற்றது. "எல்லாரும் அழுதாங்களா தாத்தா?" என்று மகன் கேட்டான். "கொஞ்ச நேரம் சத்தமே இல்லடா. அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம். பாகிஸ்தான்காரங்க மைதானத்தைச் சுத்தி ஓடி வந்தாங்க" என்றார். தோற்ற ஊர் ஜெயித்தவனுக்கு எழுந்து நின்றதை, அப்படி நின்றவர்களில் ஒருவர் வாயால் அந்தச் சுவர் அருகிலேயே கேட்டார்கள் என் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது.

அங்கிருந்து திருவல்லிக்கேணி ரத்னா கஃபே நடக்கிற தூரம். 1948இலிருந்து இருக்கும் கடை. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் எத்தனை தலைமுறையாக இங்கே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்து திண்டுக்கல். அந்த மாவட்டத்து நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது சேப்பாக்கத்தோடு நத்தத்திலும், நெல்லை சங்கர் நகரிலும் ஆட்டங்களை நடத்தினார்கள். நடராஜன், வருண் சக்கரவர்த்தி போன்றவர்கள் பலர் கண்ணில் பட்டது இந்தப் போட்டியில்தான். மாந்தோப்புகளுக்குப் பேர்போன நத்தத்தில் விளக்கொளியில் கிரிக்கெட் நடந்து, அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது சின்ன விஷயமில்லை. மதியம் திண்டுக்கல் பிரியாணி. சீரகச் சம்பா அரிசியும், சின்னச் சின்னதாக நறுக்கிய கறியும் சேர்ந்த ருசியை நீள அரிசியில் கொண்டுவர முடியாது.

மதுரையில் மைதானம் என்றால் எங்களுக்கு அலங்காநல்லூர்தான். பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 66 ஏக்கர் பரப்பு. சுமார் ஐந்தாயிரம் பேர் உட்காரலாம். மாட்டுக்கும் மாடுபிடி வீரருக்கும் இவ்வளவு பெரிய கட்டடம் எழும் என்று 2014இல் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2017இல் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்திராவிட்டால் இந்த அரங்கத்துக்கு அவசியமே வந்திருக்காது. ஆனாலும் பொங்கலுக்கு அலங்காநல்லூர்க்காரர்கள் காளையை அவிழ்ப்பது ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான். அங்கே முதலில் முனியாண்டி கோயில் காளைக்குத்தான் மரியாதை.

அந்தப் பெயரைக் கேட்டதும் மகன் நிமிர்ந்தான். "முனியாண்டி விலாஸ்னு கடை இருக்கே, அந்த முனியாண்டியா?" சாமி அதே சாமிதான். கோயில்தான் வேறு. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் இருக்கும் முனியாண்டியின் பெயரைத்தான் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அசைவக் கடைகளுக்கு வைத்தார்கள். தை மாதத்தில் கடைக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, ஆடும் கோழியும் வெட்டி, பிரியாணி படைத்து, வந்தவர்க்கெல்லாம் அதையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். காளையை அவிழ்ப்பதும் இலை போட்டுப் பரிமாறுவதும் ஒரே சாமியின் பெயரால் நடக்கிற மாவட்டம் இது. அன்று ராத்திரி மதுரையில் கறிதோசையும் ஜிகர்தண்டாவும் சாப்பிட்டோம்.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு என்று வண்டி நின்று நின்று போய், சாயங்காலம் கோவில்பட்டி சேர்ந்தோம். இந்தப் பயணத்தில் என் மனம் தங்கிவிட்ட ஊர் இதுதான்.

தீப்பெட்டித் தொழிலும் கரிசல் மண்ணும் சேர்ந்த ஊர். மழை குறைவு. இங்கே ஹாக்கி பல தலைமுறைகளாகப் பிழைத்திருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடுகின்றன. ஊரே திரண்டு பார்க்கிறது. இவ்வூரின் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள்.

நாங்கள் போனபோது செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈரம் இருந்தால்தான் பந்து வேகமாக வழுக்கி ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது என்று என் மகள் எங்களுக்கு விளக்கினாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி முடியும்வரை நின்றாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வயதுப் பெண் பிள்ளைகள் குனிந்த முதுகோடு பந்தைக் கொண்டுபோகும் வேகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் இன்னும் நெறைய ஓடணும்" என்றாள். அவளை ஓடச் சொல்லி நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சாயங்காலம் செய்த வேலையை என் சொல் செய்ததில்லை.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலத்து நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்தது அதன் ருசி. பாகு பதம் பார்த்து, வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பரப்பி வெட்டவேண்டும். மலிவான பண்டம்தான், ஆனாலும் ஓடியாடி வரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல தின்பண்டம் எனக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் சங்கர் நகர் மைதானத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுக்கடை வரிசையில் நின்று சுடச்சுட அல்வா வாங்கித் தின்றதோடு எங்கள் பயணம் முடிந்தது.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. வழியில் பார்த்த ஒரு மைதானத்தில் பெண்களுக்கு உபயோகிக்கும்படியான கழிப்பறை இல்லை. காலையும் மாலையும் பெண் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். பதக்கம் வாங்கி வந்தால் மாலை போடுகிற நாம், அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் கொடுக்கவேண்டும். அதைப் போலவே, ஒவ்வொரு மைதானத்தின் வாசலிலும் இங்கே ஆடியவர்கள் யார், நடந்த பெரிய ஆட்டங்கள் எவை என்று தமிழில் எழுதி ஒரு பலகை வைக்கலாம். எங்களுக்குச் சேப்பாக்கத்தில் மாமனார் இருந்தார். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார்.

அடுத்த லீவில் கோயிலுக்குப் போங்கள், மலைக்கும் போங்கள். கூடவே ஒரு மைதானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரமாகப் போக வசதியில்லை என்றால் உங்கள் மாவட்ட விளையாட்டரங்கத்துக்காவது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அங்கே யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது.