மூக்கை மூடாதீர்கள், மணலை அள்ளுங்கள்!

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விருந்தாளி, ‘‘பூனை வளர்க்கிறீங்களா?’’ என்று கேட்டால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். பூனை இன்னும் அவர் கண்ணில் படவில்லை. மூக்கில் பட்டுவிட்டது! ‘‘எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே...’’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஒரே வாடையில் நாள் முழுக்கப் புழங்கினால் மூக்குக்கு அது பழகிப்போய்விடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறாது. அந்தக் கதைதான்.

அந்தக் காலத்துப் பூனைக்குக் கொல்லைப்புறம் இருந்தது. போகும், பள்ளம் தோண்டும், காரியத்தை முடித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரும். யாருக்கும் தொந்தரவில்லை. இன்றைக்கு மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிற பூனை ஜன்மத்துக்கும் மண்ணை மிதிப்பதில்லை. அதற்காகத்தான் ‘லிட்டர் பாக்ஸ்’ என்கிற மணல் தொட்டி. இதை ஆரம்பித்து வைத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் லோ. 1947-ல், பூனைக்கு அடுப்புச் சாம்பலைப் போட்டு வீடெல்லாம் கரிக்கால் தடமாகி அவதிப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா ஒருவருக்கு, தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தன்னிடம் இருந்த களிமண் துகளை அவர் கொடுத்தார். அது பிடித்துப்போய், பெரிய வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது.

ஆக, கொல்லைப்புறத்தை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டோம். சரி, கொல்லையில் மழையும் வெயிலும் மண்புழுவும் செய்துகொண்டிருந்த வேலையைத் தொட்டிக்குள் யார் செய்வது? அங்கேதான் இடிக்கிறது!

யாரும் செய்வதில்லை. அதற்குப் பதிலாக ஊதுபத்தி, வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, தொட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டு பாச்சை உருண்டை, தரை முழுக்கப் பினாயில். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோமே, நாம் மூக்கை மூடிக்கொண்டால் மட்டும் நாற்றம் போய்விடுமா? வாடைக்கு மேல் வாசனையைப் பூசுவது வீண் வேலை என்பதோடு, பூனைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்தான வேலை என்பதுதான் என் கட்சி. சொல்கிறேன்.

முதலில் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? பூனை அப்போதுதான் போன சிறுநீரில் அவ்வளவு வாடை கிடையாது. வீட்டுப் பூனையின் முன்னோர்கள் வறண்ட பூமியில் திரிந்த காட்டுப்பூனைகள். தண்ணீரைச் சொட்டு சொட்டாக மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அவற்றுக்கு. அதனால் பூனையின் சிறுநீர் கெட்டியானது, யூரியா மிகுந்தது. மணலில் ஊறிக் கிடக்கக் கிடக்க, பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியாவாக்கிவிடுகின்றன. பழைய பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் கண்ணைக் கரிக்குமே, அதே வாயு. இது போதாதென்று பூனைக்கே உரிய ‘ஃபெலினைன்’ என்ற பொருளும் சிறுநீரில் இருக்கிறது. இது உருவாவதற்குக் ‘காக்ஸின்’ என்ற புரதம் காரணம் என்று 2006-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஃபெலினைன் மெல்ல மெல்லச் சிதையும்போது கந்தகம் கலந்த வாடை கிளம்புகிறது. கருத்தடை செய்யாத கடுவன் பூனைகளிடம் இது ரொம்ப அதிகம்.

பூனையைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நாற்றத்தை உண்டாக்குவது நாம் கொடுக்கும் நேரம். காலையில் போனதை ராத்திரி வரை விட்டுவைத்தால், மறுநாள் வீடு நாறாமல் என்ன செய்யும்!

இப்போது பினாயிலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் பினாயில் போட்டுத் துடைத்தால்தான் ‘சுத்தம்’ செய்த திருப்தி. பூனை இருக்கும் வீட்டில் தயவுசெய்து அந்தப் பாட்டிலை வாங்கவே வேண்டாம். கறுப்பு பினாயிலில் இருப்பவை நிலக்கரித் தாரிலிருந்து வரும் பினால் வகைப் பொருட்கள். இவை நம் உடம்புக்குள் கொஞ்சம் போனாலும் கல்லீரல் ஒருவழியாக வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி சரியாக வேலை செய்வதில்லை. (இதே காரணத்தால்தான் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைக் குடித்துவிடும். ‘காய்ச்சல் அடிக்குதே’ என்று யாராவது கொடுத்துவிடப் போகிறீர்கள்!) பூனை பினாயிலைக் குடிக்க வேண்டியதில்லை. துடைத்த ஈரத்தரையில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். அவ்வளவுதான். எச்சில் ஒழுகும், வாய் புண்ணாகும், தள்ளாடும், கல்லீரல் கெடும். ‘வெள்ளை பினாயில்தானே’ என்பார்கள். அதிலிருக்கும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலினும் அப்படியே விஷம்.

பிளீச்சிங் பவுடர் இன்னொரு விபரீதம். அமோனியா ஏறிய தொட்டியில் பிளீச்சைக் கொட்டித் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும். கண் எரியும், இருமல் பிடுங்கும், மூச்சு முட்டும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் கேட்கவே வேண்டாம். வீசிங் தொல்லை இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல்தான். தொட்டி கழுவ வெந்நீரும், வாசனை அதிகமில்லாத பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தாராளமாகப் போதும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுப் புது மணல் போடுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டாம். சாம்பல் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் காரம் உள்ளவை. ஈரத்தோடு சேர்ந்தால் அமோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். ஆப்ப சோடா? அடியில் லேசாகத் தூவினால் கெடுதல் இல்லை. அமோனியா விஷயத்தில் அதனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மிச்சமிருப்பது ஒரே வைத்தியம். அள்ளிப்போடுவது. காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? அந்த இரண்டு நிமிஷம் யாருடையது என்பதில்தான் வீட்டில் சண்டையே! பூனை வேண்டும் என்று அடம்பிடித்தது பிள்ளை. ‘வாங்கிக் கொடுத்துடுவோம்’ என்றவர் அப்பா. மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களும் இவர்கள்தான். தொட்டி மட்டும் அம்மா தலையில், அல்லது பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் தலையில். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூனை யாருக்கு வேண்டுமோ, ஜல்லிக் கரண்டியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னால் அழகாகச் செய்யும்.

எந்த மணல் என்றும் பலர் கேட்பதுண்டு. ஆற்று மணலோ, கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டோ போட்டால் செலவில்லை. ஆனால் சிறுநீர் அதில் ஒட்டாது, அடிக்குப் போய்த் தேங்கிவிடும். மேலே பார்த்தால் காய்ந்த மணல், கீழே சாக்கடை! அதுதான் வசதி என்றால் இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றியாக வேண்டும். கடைகளில் பையாகக் கிடைக்கும் பென்டோனைட் களிமண் (நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பக்கம் நிறைய வெட்டி எடுக்கிறார்கள்) ஈரம் பட்டதும் உருண்டையாகத் திரண்டுவிடும். அந்த உருண்டையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, குறைந்த அளவுக்குப் புதிது சேர்த்தால் போதும். இரண்டு, மூன்று அங்குல ஆழத்துக்கு இருக்கட்டும். லாவெண்டர், எலுமிச்சை வாசனை போட்ட பாக்கெட்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வாசனை நமக்காகப் போட்டது. நம்மைவிடப் பல மடங்கு மோப்பசக்தி உள்ள பூனைக்கு அது தலைவலி. எலுமிச்சை நெடி பல பூனைகளுக்கு அறவே பிடிக்காது. தொட்டி பிடிக்கவில்லை என்றால் அது எங்கே போகும்? சோபாவில் போகும், மெத்தையில் போகும், கால்மிதியில் போகும். ‘திமிரு பாருங்க, பழிவாங்குது’ என்று நாம் அடிக்கப் போவோம். பழியுமில்லை, திமிருமில்லை. நாறுகிற கக்கூஸுக்குள் போக நாமே யோசிப்பதில்லையா?

மூடி போட்ட தொட்டி இன்னொரு ஏமாற்று. நம் மூக்குக்கு எட்டாமல் வாடையை உள்ளே அடைத்து வைக்கிறது. உள்ளே போகிற பூனையின் மூக்கோ மணலுக்கு அரையடி மேலேதான் இருக்கிறது. தொட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நம் பாத்ரூம் தரை எப்போதும் ஈரம், மணல் சொதசொதவென்று ஆகிவிடும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால், அது சுற்றுகிற சத்தத்தில் பூனை பயந்து ஓடும். காற்றோட்டமான, மழைச்சாரல் அடிக்காத, வலை போட்ட பால்கனி நல்ல இடம். இரண்டு பூனை இருந்தால் மூன்று தொட்டி என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சின்ன ஃபிளாட்டில் மூன்றுக்கு இடமேது என்றால், இருக்கிறதை இன்னும் அடிக்கடி அள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் நகக்கீறல் விழுந்து அதற்குள் வாடை ஏறிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியையே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்றதும் முதல் வேலையாகப் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. சோபாவில் கிண்ணத்துச் சோறு தின்று வளர்ந்த பூனை தெருவில் எத்தனை நாள் தாங்கும்? பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. பயம் நியாயமானதே. முதல்முறையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடியது அது. ஆனால் தொற்றுள்ள பூனைகூடப் பெரும்பாலும் சில வாரங்கள் மட்டுமே மலத்தில் அதை வெளியேற்றுகிறது. வெளியே வந்த கிருமி, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அதற்கு அவகாசமே இல்லை! கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யக் கூடாது. வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். வேறு வழியே இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவட்டும். வேலைக்கு வரும் பெண் கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் இதே சட்டம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும்கூட இந்தக் கிருமியைக் கொண்டுவரும். பூனையை விரட்டிவிட்டு அதையெல்லாம் சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்?

தினமும் அள்ளுகிறவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பூனையின் உடம்பு அவருக்குத்தான் முதலில் தெரியும். உருண்டைகள் திடீரென்று பெரிசாக, நிறைய வருகின்றனவா? சர்க்கரை நோயாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம். ரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தில் இல்லாத நெடி அடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று உண்டு. கடுவன் பூனை திரும்பத் திரும்பத் தொட்டியில் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, மணலில் ஈரமே இல்லை என்றால் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். ‘மலச்சிக்கல் போலிருக்கு, நாளைக்குப் பார்ப்போம்’ என்று ஒத்திப்போட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

மலத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை என்கிறவர்கள் பால் கிண்ணத்தைப் பாருங்கள். பூனை என்றால் பால் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே பதிந்துவிட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். உப்புக் கருவாடும் வேண்டாம். தண்ணீரை நாலு இடத்தில் வையுங்கள். பூச்சி மருந்தை டாக்டர் சொன்னபடி கொடுங்கள். கடுவனுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் காட்டு வாடையும், சுவரில் பீய்ச்சுகிற பழக்கமும் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘பாவம், ஆம்பளைப் பிள்ளை’ என்று தள்ளிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் சுவரைத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள் மேல்தான் பாவமாக இருக்கிறது!

ஏற்கெனவே மெத்தையிலோ சோபாவிலோ ஊறிவிட்டதா? பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிடலாம். ஆழமாக இறங்கியிருந்தால் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவம்தான் சரிப்படும். பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை ஊறவிட வேண்டும், அவசரப்படக் கூடாது.

அள்ளியதை இரண்டு செய்தித்தாளில் சுற்றிக் குப்பையோடு போடுங்கள். கக்கூஸில் கொட்டினால் களிமண் குழாயை அடைத்து, ஃபிளாட் முழுக்க உங்களைத் திட்டும். பூந்தொட்டிக்கு உரமாகிவிடும் என்று கொட்டுகிறவர்களும் உண்டு. கறிவேப்பிலை, புதினா, கீரை என்று வாயில் வைக்கிற எதன் வேரிலும் அதைப் போடாதீர்கள்.