பெரியப்பாவின் பட்டு வேட்டி



போன வாரம் பெரியம்மா போன் பண்ணினார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன், எனக்கு அண்ணன், அப்பா அம்மாவுக்காக நான்கு நாள் கப்பல் பயணம் புக் பண்ணியிருக்கிறார். சந்தோஷமான சேதிதானே? ஆனால் பெரியம்மா குரலில் கவலை. "ஏம்மா, கப்பல்ல ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு கோட்டு சூட்டு போட்டாத்தான் உள்ள விடுவாங்களாமே? உங்க பெரியப்பா பேன்ட்டே போட்டதில்ல. நான் ரூம்லயே சாப்பிட்டுக்கறேங்கறாரு."

பெரியப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 40 வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. அவருக்கு அந்த ஆள் பெரியம்மாதான்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு பட்டு வேட்டி. தன் கையால் நெய்தது. பழைய மல் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் இருக்கும். ஒரே இடத்தில் மடிப்பு விழுந்தால் ஜரிகை முறிந்துவிடும் என்று பெரியம்மா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி வைப்பார். வரதர் கோயில் கருட சேவைக்கும் வீட்டுக் கல்யாணங்களுக்கும் மட்டும்தான் அது வெளியே வரும். பெருமாள் முன்னால் போய் நிற்கப் போதுமான உடை, சாப்பாட்டு மேசைக்குப் போதாதா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அதே விருந்துக்குப் பெரியம்மா பட்டுச் சேலையில் போனால், வாங்க வாங்க என்று கதவைத் திறந்துவிடுவார்கள். ஒரே ஊர், ஒரே பட்டு, ஒரே ஜரிகை. சேலையாக இருந்தால் கௌரவம், வேட்டியாக இருந்தால் குறைச்சலா?

கப்பலுக்கே போக வேண்டாம், சென்னையிலேயே நடந்ததுதான். 2014 ஜூலையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது, சட்டசபையிலும் எதிரொலித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்தாகும், ஓர் ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

நல்ல சட்டம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால் நமக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை பேர், வாசலில் கேட்ட வார்த்தையை வீட்டில்கூடச் சொல்லாமல், பேசாமல் ஆட்டோ பிடித்துத் திரும்பியிருப்பார்கள்?

உலகம் மெல்ல இறங்கி வருகிறது. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்க அபிஜித் பானர்ஜி வேட்டியில் போனார், எஸ்தர் டஃப்லோ சேலையில் போனார். அந்த விழாவின் உடை விதி மிகக் கறாரானது. ஆனாலும் அவரவர் நாட்டு உடைக்கு அதில் இடம் உண்டு. நம் கடற்படையும் 2024-இல் அதிகாரிகள் மெஸ்ஸில் குர்தா பைஜாமாவுக்கு அனுமதி கொடுத்தது. சொகுசுக் கப்பல்களில் நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-லேயே கட்டாய ஃபார்மல் இரவை விட்டுவிட்டது. கோட்டும் டையும் இன்னமும் கேட்கிற கியூனார்ட் கப்பல்களில்கூட நாட்டு உடையும் ஃபார்மல்தான்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்று நான் சொல்லவில்லை. நீச்சல் குளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? துவைத்த துணி, உடம்பை மூடிய துணி, அடுத்தவரைச் சங்கடப்படுத்தாத துணி. இதைக் கேட்கலாம். அதற்கு மேல் விருந்தாளியிடம் என்ன கேட்பது?

இதை எழுதும்போதே நம் வீடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. கிளப் வாசலில் காவலாளி கேட்டதை, கல்யாண மண்டபத்தில் நாம் கண்ணால் கேட்பதில்லையா? "என்னடி, முகூர்த்தத்துக்கு சிந்தெடிக்ல வந்திருக்கா?" இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கைமாற்று வாங்கி பட்டு எடுக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சேலை இரவல் வாங்கிக் கட்டி வந்து, கறை பட்டுவிடுமோ என்று பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்த பெண்ணையும் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். தறியில் துணைக்கு உட்காருபவர். எந்தக் கல்யாணத்துக்கும் காலையில் வர மாட்டார். முதல் நாள் ராத்திரி வந்து மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார். ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் சொன்னார். "காலைல எல்லாரும் பட்டுல இருப்பீங்க தாயி."

பட்டு ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் வீட்டு அடுப்பும் தறியால் எரிந்ததுதான். பட்டு விற்க வேண்டும், நெசவாளிக்குக் கூலி ஏற வேண்டும். ஆனால் ஆசைப்பட்டு எடுத்த சேலையை ஒருத்தி பத்து விசேஷத்துக்குக் கட்டுவாள், மகளுக்கும் கொடுப்பாள். வாய்க்குப் பயந்து கடன் வாங்கி எடுத்ததைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வட்டிதான் ஞாபகம் வரும். அந்தச் சேலையால் பட்டுக்குப் பெருமையா?

கப்பல் கம்பெனிக்கு அண்ணன் மெயில் போட்டுக் கேட்டுவிட்டார். வேட்டி தாராளமாகக் கட்டலாம் என்று பதில் வந்தது. பெரியப்பா இப்போது, மேலே போடச் சட்டையா அங்கவஸ்திரமா என்ற யோசனையில் இருக்கிறார்.

தை மாதம் எங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம். பத்திரிகை கொடுக்கும்போது, "இருக்கறதக் கட்டிக்கிட்டு காலையிலேயே வந்துடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். முதல் பத்திரிகை அந்த அக்கா வீட்டுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்