இன்மையும் பூச்சியமும்

வினா ஒன்றனை விடுத்தவன் விடையைப் பெற்றவளவில் அவன் கடமை முடிந்துவிடுமோ? பெற்ற விடை யாது கூறுகின்றதெனத் தெளிதலே வினாவுதலின் பயன் என்பதனை யாவரும் ஒப்புவர். எனினும், இக்காலத்து நம் வாழ்க்கையின் பெரும்பகுதியை நடத்திவைக்கும் கணினி நிரல்களுள் இவ்விரண்டாங் கடமை போதிய மதிப்புப் பெற்றிலது என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், இரயில்வே முதலிய எவ்விடத்தும் செய்திகள் தரவுத்தளம் என்னும் பெரும் பண்டகசாலையிற் சேர்த்துவைக்கப் பெறுகின்றன. 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கார் காட் என்னும் அறிஞர், செய்திகளை வரியும் பத்தியுமாகிய அட்டவணைகளாகக் கொள்ளும் முறையைக் கட்டுரையொன்றில் வகுத்துரைத்தார். 1974-இல் அந்நிறுவனத்துச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அவ்வட்டவணைகளை வினாவுதற்குரிய மொழி ஒன்றனை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.க்யூ.எல். என வழங்கலாயிற்று. இம்மொழியில் வினா விடுக்கும் நிரலைக் கிளையன்ட் என்பர். தரவுத்தளம் விடை தரும். அவ்விடைக்குப் பொருள்கொண்டு திரையிலோ தாளிலோ நமக்குக் காட்டுவது கிளையன்டின் தொழில். ஆகவே, நாம் காண்பது தரவுத்தளம் கூறியதன்று. கிளையன்ட் அதற்குக் கொண்ட பொருளேயாம். மூலத்திற்கும் மாணாக்கனுக்கும் இடையே நிற்கும் உரையாசிரியனை இது நிகர்க்கும். உரை பிழைப்பின், மூலமும் பிழைபட்டதாகவே கற்பார்க்குத் தோன்றுமன்றோ?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஐவர் தேர்வெழுதினர் எனக் கொள்க. மூவர் முறையே 80, 60, 40 பெற்றனர். நான்காமவர் பெற்றது பூச்சியம். ஐந்தாமவரின் விடைத்தாள் இன்னும் திருத்தப்பெறவில்லை. ஆதலின் அவர்க்குரிய இடம் வெறுமையாக விடப்பெற்றுளது. இவ்வெறுமைக்குத் தரவுத்தளத்தார் இட்ட பெயர் நல் என்பது. தமிழ்ச் செவிக்கு நன்மை எனப்படும் இச்சொல், பொருள்கொள்வான் அயர்ந்தவழித் தீமையே பயக்கும். சராசரி யாதென வினாவினால், தரவுத்தளம் நல்லை நீக்கி நால்வர்க்கே கணக்கிட்டு 45 என்னும். வெறுமையைப் பூச்சியமாகக் கொண்ட கிளையன்டோ, ஐவரால் வகுத்து 36 என்னும். ஒரே அலுவலகத்தில் இரு திரைகள் இருவேறு கூறும், மூலம் ஒன்றே. அதனினுங் கொடியது, ஐந்தாம் மாணவர் தோற்றார் என அறிவிக்கப்படுவார். எழுதியும் ஒன்றும் பெறாதவனையும், எழுதியது இன்னும் படிக்கப்பெறாதவனையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது நீதியாமோ?

இது வீணச்சம் என்பார்க்கு ஒன்று கூறுவாம். ஜாவா மொழியில் விடையினின்றும் எண்ணை எடுத்தற்குரிய கெட்இன்ட் என்னுங் கருவி, அவ்விடம் நல்லாக இருப்பின் பூச்சியத்தையே எடுத்துத் தரும். சற்றுமுன் பெற்றது உண்மையில் நல்லோ என அறிய, வாஸ்நல் என்னும் வேறொரு கருவியால் மீண்டும் வினாவுதல் வேண்டும். வினாவாதவன் ஏமாறுவான்; ஏமாறியதனையும் அறியான். இனி, நல்லுக்கு நல் சமமோ எனின், எஸ்.க்யூ.எல். ஆம் என்றும் கூறாது, அன்று என்றும் கூறாது; அறியேன் என்னும். திருத்தப்பெறாத தாள்கள் இரண்டின் மதிப்பெண்கள் தம்முள் ஒக்குமோ எனக் கேட்டால், நேர்மையுடையான் வேறென் கூறுவான்?

இவ்வேறுபாடு தமிழ் கற்பார்க்குப் புதியதன்று. புறநானூறு நானூறு பாடல்களையுடையது. அவற்றுள் 267-ஆம் பாடலும் 268-ஆம் பாடலும் கிடைத்தில. ஐங்குறுநூற்றில் 129, 130 என்னும் எண்களுக்குரியன இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. பதிப்பாசிரியர் என் செய்தனர்? 266-க்குப் பின் 269-ஐ 267 என எண்ணிட்டு இடைவெளியை மறைத்தாரல்லர்; தாமே இரண்டு பாடல் புனைந்து நிரப்பினாருமல்லர். எண்ணை நிறுத்தி, பாடல் கிடைத்திலது என்றே உரைத்தனர். அவ்வெற்றிடமே அவர்தம் நேர்மைக்குச் சான்று. ஒருகால் அப்பாடல் எங்கேனும் ஓர் ஏட்டில் வெளிப்படுமாயின், அதற்குரிய இருக்கை இன்றும் காத்திருக்கின்றது. பூச்சியம் இட்டு நிரப்பிய அட்டவணையிலோ, மெய்ம்மை திரும்பிவரினும் அதற்கு இடமில்லை.

மாற்றாரும் சில கூறுப. “வெறுமையைக் கண்டால் நிரல் இடறி நின்றுவிடும், பயனாளர் சினப்பர், ஆதலின் ஏதேனும் ஓர் எண்ணை இட்டுவிடுதலே செயலுக்கு ஏற்றது” என்பர். நிரல் நிற்றல் குற்றமே. அதனை நாமும் மறுக்கிலேம். ஆயினும், நின்ற நிரலைக் கண்டவன் ஒருவனை அழைத்துச் செம்மை செய்விப்பான். பொய்யை ஒழுங்காகச் சொல்லும் நிரலையோ எவரும் ஐயுறார். மேலும், இடறுதலும் பொய்த்தலும் ஆகிய இரண்டேயன்றி மூன்றாவது வழியும் உண்டு. அறியப்படவில்லை என்று திரையில் எழுதிவிடின் நிரலும் நில்லாது, உண்மையும் கெடாது.

இல்லை என்னும் ஒரு சொல்லுள் எத்தனை பொருள்கள் அடங்கியுள்ளன என்பதனையும் நோக்குக. வினாவுக்குப் பொருந்தும் வரி ஒன்றும் இல்லாமை ஒன்று. வரி இருந்தும் அதன்கண் மதிப்பு இல்லாமை மற்றொன்று. தொடர்பு அறுந்து வினாவே சென்று சேராமை பிறிதொன்று. இம்மூன்றையும் வெற்றுத் திரை ஒன்றினாலேயே காட்டும் நிரல்கள் பல. ஒரு நோயாளிக்கு ஒவ்வாத மருந்து உண்டோ என வினாவும் மருத்துவர்க்கு, ஒவ்வாதது யாதுமில்லை என்பதும், கேட்டறியப்படவில்லை என்பதும், தரவுத்தளத்தை அடையமுடியவில்லை என்பதும் ஒன்றாகுமோ? முதலதனை நம்பி மருந்திடலாம். ஏனையிரண்டை நம்பி இடின் உயிர்க்கு ஊறு நேர்தலும் கூடும்.

விடை முழுதும் வந்ததோ என்பதும் ஆராயற்பாலது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்து, இங்கிலாந்தில் ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய முடிவுகள் பழைய எக்செல் கோப்பு வகையொன்றில் ஏற்றப்பெற்றன. அவ்வகைத் தாள் 65,536 வரிகளுக்குமேற் கொள்ளாது. எஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்றுடையோர் 15,841 பேர் நாட்கணக்கிற் சேராதொழிந்தனர். அவரொடு பழகினோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாழ்த்தது. ஆய்வுக்கூடம் பிழைத்ததன்று, நோயாளர் மறைத்ததுமன்று. விடையைப் பெற்ற கருவி, பெற்றது எத்துணை, பெறற்பாலது எத்துணை என ஒப்பிட்டு நோக்காமையே பிழை.

நம் தாய்மொழியும் இதற்குப் புறம்பன்று. தமிழ் என்னுஞ் சொல் நம் கண்ணுக்கு எழுத்து மூன்று, யூனிகோடு கணக்கில் குறிகள் ஐந்து, யூ.டி.எஃப்-8 முறையிற் சேமிக்கின் பைட்டுகள் பதினைந்து. மூன்றனுள் எதனை நீளம் என்று கொள்வதென அறியாத கிளையன்ட், பெயரை நடுவே வெட்டிப் புள்ளியை ஒருபாலும் மெய்யை ஒருபாலும் எறியும். தரவுத்தளத்திற்கும் கிளையன்டிற்கும் இடைப்பட்ட எழுத்துமுறை தமிழை அறியாததாயின், பெயர் இருந்த இடத்தில் வினாக்குறிகளே வரிசையாக நிற்கும். அவ்வினாக்குறிகளையே பெயரெனக் கொண்டு மீளவும் சேமித்துவிடின், உண்மைப் பெயர் ஒழிந்தே போகும். கரையான் அரித்த ஏட்டிலேனும் அரிப்பின் சுவடு உண்டு. இங்கு அதுவும் இல்லை.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. நிரல் எழுதக் கற்பிப்போர், வினா எழுதும் திறத்தோடு விடைக்குப் பொருள்கொள்ளும் திறத்தையும் தனிப்பாடமாகவே கற்பித்தல் வேண்டும். நிரல் எழுதுவோர், இன்மை, பூச்சியம், தோல்வி என்னும் மூன்றனுக்கும் வெவ்வேறு சொல் வழங்குதல் வேண்டும். மொழி கற்கும் மாணவராகிய நாமும், இது பொறியியலார் காரியம் என வாளா இருத்தல் தகாது. சொல்லுக்குப் பொருள் காண்டல் நம் தொழிலேயாதலின், திரை காட்டும் எண்ணை எதிர்நோக்கி, நீ யாண்டிருந்து வந்தாய், எதனைக் கூறுகின்றாய் எனக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நூறு ஆடுடைய மேய்ப்பன் ஒருவனைப்பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை யாவரும் அறிவர். தொண்ணூற்றொன்பதை எண்ணி நிறைந்தது என அவன் பட்டியை அடைத்திலன். காணாமற்போனதனைக் காணாமற்போனது என்றே கொண்டான். அதனாற்றான் தேடினான், தேடியதனாற் கண்டான். வெற்றிடத்தை வெற்றிடம் என உரைக்கும் நேர்மை வாய்ந்தவழியே தேடலுக்கு வாயில் திறக்கும். அந்நேர்மை நம் நிரல்களுக்கும், அவற்றை இயற்றும் நமக்கும் வாய்க்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.