பற்றரியை மாத்த முதல் ஒருக்கா அளந்து பாப்பம்

காலமை கார் ஸ்ராட் ஆகேல்லை என்றால் எங்கட ஊரில் உடனே வாற தீர்ப்பு ஒன்றுதான்: "பற்றரி போட்டுது, மாத்துங்கோ." சொல்லுறவர் பக்கத்து வீட்டு அண்ணையாக இருக்கலாம், கராஜ்காரராக இருக்கலாம். ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. புதுப் பற்றரி போட்டு ரெண்டு கிழமையில் கார் திரும்பவும் படுத்தால், "இந்தப் பற்றரியும் சரியில்லை" என்று அடுத்த கதை தொடங்கும்.

இது அறியாமை மட்டும் இல்லை. நாங்கள் சாமானுக்குக் காசு குடுப்போம்; பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்குக் குடுக்கமாட்டோம். ஒரு எலெக்றீசியன் அரை மணித்தியாலம் மினக்கெட்டு, இளகின எர்த் வயர் ஒன்றைத் தேடிப்பிடித்து இறுக்கிவிட்டுக் கூலி கேட்டால், "ஒரு நட்டு இறுக்கினதுக்கோ இவ்வளவு?" என்கிறோம். அதே ஆள் ஓல்டனேற்றரையே மாத்திப் பில் தந்தால் வாய் திறக்கமாட்டோம். பிறகு அவர் ஏன் தேடப்போகிறார்?

90களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மாத்துறதுக்குச் சாமானே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள், மண்ணெண்ணெயில் கார் ஓடினார்கள். பிழையைத் தேடுறதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கேல்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிப்பாட்டிக் கிடந்ததால், எங்கட றோட்டில் ஓடுற கார்களும் பெரும்பாலும் பழசுகள்தான். அந்தத் தேடல் இப்பவும் தேவை.

அதுக்கு ஒரு மல்ரிமீற்றர் போதும். அதன் விலை புதுப் பற்றரி விலையில் சின்னப் பங்குதான். டிசி 20 வோல்ற்றில் வைத்து, இரவு முழுக்க நின்ற காரின் பற்றரியை அளவுங்கோ. 12.6 அளவில் காட்டினால் நிரம்பியிருக்கு. 12க்குக் கீழே என்றால் இறங்கிப்போச்சு. ஆனால் இறங்கின பற்றரி எல்லாம் பழுதான பற்றரி இல்லை. இதிலதான் கனபேர் சறுக்குவது. எஞ்சின் ஓடேக்க 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சார்ஜ் ஆகுது. (சில புதுக் கார்கள் தேவையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும்.) ஓடேக்கையும் 12.3 இல் கிடந்தால் பற்றரியைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஓல்டனேற்றர், அதின்ர பெல்ற், வயர் பக்கம் பாக்கவேணும்.

பற்றரி நிரம்பியிருந்தும் ஸ்ராட்டர் 'டக் டக்' என்றால்? கியரை நியூட்ரலில் விட்டு ஹாண்ட் பிறேக் போடுங்கோ. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒராளைச் சாவி திருப்பச் சொல்லுங்கோ. அந்த நேரம் அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் எர்த் வயரில் கோளாறு. கடல் காத்துப் படுற எங்கட பக்கம் அந்த முனைகள் பச்சை பிடிச்சுக் கிடப்பது வழமை. கழட்டி, சுரண்டி, இறுக்கினால் சரி. பற்றரி முனையில் பூக்கிற வெள்ளைத் தூளுக்கு அப்பச் சோடா கரைச்ச தண்ணி காணும். குசினியில் அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்கலாம்.

இரவில் தானாக இறங்குது என்றால், பிறகு பூட்டின றேடியோ, அலாம், டாஷ் கமராவை முதலில் சந்தேகியுங்கோ.

தொடக்கூடாததும் இருக்கு. ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் உயிராபத்தானவை. எயார்பாக்கின் மஞ்சள் கனெக்டரில் மீற்றர் வைக்கவே கூடாது. எரிஞ்ச பியூஸுக்குச் சிகரெட் வெள்ளித்தாள் சுத்துற 'கெட்டித்தனம்' இன்னும் சில இடங்களில் நடக்குது. பியூஸ் எரியாட்டி வயர் எரியும், பிறகு கார் எரியும்.

மீற்றர் வாங்கினாப்போல எலெக்றீசியன் தேவையில்லை என்று ஆகாது. அடுத்த முறை போகேக்க, "ஓடேக்க 12.3 தான் காட்டுது, எர்த் பாத்தாச்சு" என்று சொல்லிப் பாருங்கோ, கதை வேற மாதிரிப் போகும். அவர் பத்து நிமிசத்தில் பிழையைப் பிடித்து, ஒரு சாமானும் மாத்தாமல் அனுப்பினால், கேட்ட காசைப் பேரம் பேசாமல் குடுங்கோ.